பாடியவர் பழனியம்மாள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கு அதைக் கிளப்பிவிட்டவர் எங்கள் மேலாளர் ராயப்பராஜ். திண்டுக்கல்லில் ஓடும் சின்ன வானொலி எங்களுடையது. அதில் காலைப் பாட்டு நேரம் என் பொறுப்பு.

"பாடுனது யாருன்னு சொல்லவே மாட்டேங்குறாகன்னு நேயருக திட்டுறாக கௌசல்யா. நாளையிலருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் பேரு சொல்லணும். முடியலைன்னா சொல்லு, கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுக்கிரும்" என்றார்.

அந்த ஒரு மணி நேரமும் போனால் எனக்கு அங்கே என்ன வேலை? "செஞ்சு காட்டுறேன் சார்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒவ்வொரு பாட்டாக உட்கார்ந்து தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? குட்டியாக ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதினேன். அது பாட்டுப் பட்டியலைப் படிக்கும், இணையத்தில் தேடும், பாடியவர் பெயரை எதிரே போட்டுவிடும். பழைய பாட்டுகள் சிலவற்றுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பட்டியலிலேயே அவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரோ ஒருவர் பெயர் இருந்தது. கிடைக்காவிட்டால் அதையே எடுத்துக்கொள் என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கெத்தாக ஆரம்பித்தேன். "அடுத்த பாடலைப் பாடியவர், வடமதுரை பழனியம்மாள்!" பாட்டை ஓடவிட்டால் வந்தது ஒரு கனத்த ஆண் குரல்.

ஒலிப்பதிவு பார்க்கும் இனிகோ கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "ஐயோ அக்கா! அது பாட்டுக் கேட்டவுக பேரு! நீங்க வேலைக்கு வாரதுக்கு முன்னாடி, நேயர் விருப்பத்துல யாரு கேட்டாகளோ அவுக பேரப் போட்டுத்தான் பாட்டச் சேத்து வைப்போம்."

அவன் பின்னாலேயே ராயப்பராஜ். "போதும்மா. நாளையிலருந்து கம்ப்யூட்டர் பாத்துக்கிரும்."

எனக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. இனிகோ எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"தாயி, பழனியம்மா பேசுறேன். பூ மார்க்கெட்ல இருக்கேன்."

"மன்னிச்சிருங்கம்மா, தப்பு எம்மேலதான்."

"அது கெடக்கட்டும். எம்பேரு ரேடியோல வந்ததும் இங்க அம்புட்டுப் பேரும் பாடு பாடுன்னு உசுர வாங்குறாக. சும்மா ஒரு நடவுப் பாட்டு எடுத்துவிட்டேன். கை தட்டுறாக தாயி!"

ஆண் குரல் முடியப்போகிறது. போகிற வேலை போகட்டும் என்று மைக்கைத் திறந்தேன். "நேயர்களே, நான் உளறிவிட்டேன். இதுவரை பாடியவர் பழனியம்மாள் இல்லை. இனிமேல் பாடப்போகிறவர்தான் அவர். பாடுங்கம்மா!"

பழனியம்மாள் பாடினார். பின்னால் மல்லிகைக்கு விலை கூவினார்கள். நடுவில் அடி மறந்து சிரித்தார், மறுபடி எடுத்தார். சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. ராயப்பராஜ் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் போன் மறுபடி அடித்தது. இந்த முறை ராயப்பராஜே எடுத்தார். கொடைரோட்டிலிருந்து மொக்கைச்சாமி என்பவர். "நானும் முன்ன பாட்டுக் கேட்டிருக்கேன் சார். எம்பேரும் அங்கன இருக்கும், நல்லாத் தேடிப் பாருங்க. எனக்கும் பாட வரும்!"

ராயப்பராஜ் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நாளைக்கு உன் நேரத்துல இவருக்கு எடம் இருக்குமா?"