குதிரையில் வந்து பெண் கேட்டவன்

என் அண்ணன் மஹ்யார் மெர்வு நகரில் குதிரை பழக்குகிறவன். பக்கத்து வீட்டு அரபி ஹுபைராவின் மகள் ரபாப் மேல் அவனுக்கு ஆசை. அவளுக்கும்தான். நாங்கள் பாரசீகர்கள்; தாத்தா காலத்திலேயே இஸ்லாத்துக்கு வந்துவிட்டோம். ஆனாலும் டமாஸ்கஸில் உமையா என்ற அரபு வம்சத்தார் ஆண்ட வரைக்கும், எங்களுக்குத் தொழுகையில்தான் சமமான இடம். படையில் காலாட்கள், அரைச் சம்பளம். குதிரை அரபிகளுக்கு.

அண்ணன் பெண் கேட்டுப் போனான். ஹுபைரா தாடியைத் தடவிக்கொண்டார்.

"நல்ல பையன்தான்டா நீ. ஆனா என் மருமகன் படையில குதிரை ஏறினவனா இருக்கணும். அப்படி வா, பேசலாம்."

நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார். அதையும் எங்கள் பாரசீகத்தில்தான் சொன்னார். மெர்விலேயே பிறந்தவர், அரபி அவருக்குத் தடுமாறும்.

பிறகு உமையாக்களை எதிர்த்து அப்பாசியரின் கறுப்புக்கொடிப் படை கிளம்பியது. அண்ணன் அதில் சேர்ந்தான். உமையா ஆளுநர் ஊரைவிட்டு ஓட, அப்பாசியர் ஆட்சிக்கு வந்தார்கள். புதுப் படைக்கு ஆள் பதிந்தபோது ஹுபைராவும் வந்து நின்றார்.

"நான் தமீம் குலம்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

"சரி பெரியவரே, எந்த ஊரு?" என்றார் எழுத்தர்.

"அதான் குலத்தைச் சொன்னேனே."

"இப்ப ஊர் கணக்குதான். பொறந்த ஊரச் சொல்லுங்க."

பின்னால் நின்ற அண்ணன், "எங்க தெருதாங்க, எழுதிக்குங்க" என்றான். வரிசையே சிரித்தது. இருவருக்கும் ஒரே அணி, ஒரே சம்பளம், ஆளுக்கொரு குதிரை.

மறுநாளே அண்ணன் கடைத்தெருவெல்லாம் சுற்றிக்கொண்டு குதிரையில் அவர் வாசலுக்குப் போனான்.

"பக்கத்து வீட்டுக்கு வர எதுக்குடா குதிரை?"

"நீங்கதானே கேட்டீங்க, மாமா."

"மாமாவா? நான் இன்னும் சரின்னே சொல்லலியே."

உள்ளேயிருந்து ரபாப் குரல் கொடுத்தாள். "வாப்பா சொன்ன சொல்லு மாறமாட்டாரு. குதிரையக் கட்டிட்டு உள்ள வாங்க."

ஹுபைரா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். குலத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. கடைசியில் கடிவாளத்தைத் தானே வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு அவர் உறவினரில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் விருந்தை வெளுத்துக்கட்டினார்கள். புது ஆட்சியிலும் வரி குறையவில்லை என்று எங்கள் சித்தப்பா புலம்ப, ஹுபைரா அவர் தட்டில் இன்னொரு ஆட்டுத்துண்டை வைத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. நாளைக்கு ரெண்டு பேருமா சேர்ந்தே திட்டலாம்."