மூன்று டாலர் கோட்

மினசோட்டாவிலிருந்து அரிசோனாவுக்கு மாறுவதற்கு முன் என் மனைவி லவோன் ஒரு பச்சைக் கோப்பு தயார் செய்தாள். புது மாநிலத்தில் போய் இறங்கியதும் என்னென்ன காத்திருக்கும் என்று அதில் வரிசையாக எழுதியிருந்தாள். ஓட்டுநர் உரிமம் மாற்ற வேண்டும், காருக்குப் புது எண் பலகை வாங்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பதிய வேண்டும், புது டாக்டர் தேட வேண்டும், செருப்பைப் போடும் முன் தேள் இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டும். எல்லாம் அவள் எழுதிய மாதிரியே நடந்தது. தேள்கூட வந்தது. அந்தக் கோப்பில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மாறியதற்கு லவோனின் விரல்கள்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். குளிர் வந்தால் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கிவிடும், ஜாடி மூடியைக்கூடத் திறக்க முடியாது. உண்மைதான். ஆனால் அவளைவிட எனக்குத்தான் அவசரம். முப்பத்தெட்டு வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் நான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று எதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்றே, இனி ஒரு கரண்டி பனியைக்கூடத் தள்ளமாட்டேன் என்று சபதம் போட்டேன்.

அந்த வேகத்தில்தான் செப்டம்பரில் கராஜ் வாசலில் விற்பனை போட்டோம். பனி மண்வெட்டி, ரோமத் தொப்பி, உல்லன் காலுறை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். கடைசியில் என் பழுப்புக் கோட்டையும் கொண்டுவந்து போட்டேன். இருபது குளிர்காலம் அதற்குள் கிடந்திருக்கிறேன். இடது கை மடிப்பில் லவோன் போட்ட ஒட்டு இருந்தது.

"இதையுமா? ஊருக்கு வரப்போக வேண்டாமா?" என்றாள் லவோன்.

"ஊருக்கு வந்தா ஜூலையில வருவேன். விலையைப் போடு."

ஆரஞ்சு நிறச் சீட்டில் மூன்று டாலர் என்று எழுதிக் காலரில் ஒட்டினாள். நான் உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவதற்குள் கோட் போய்விட்டது. யார் வாங்கினார்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை.

என் அண்ணன் ஆர்லோ அன்று முழுக்க என் வீட்டு வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். "துரை கள்ளிச்செடிக்கு நடுவுல குட்டைக் கால்சட்டை போட்டு நடக்கப் போறாரு. அந்த வெள்ளைக் காலைப் பாத்து அந்த ஊரு ஜனம் பயந்து ஓடப்போகுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் விடைபெறுவது ஐந்து நிமிட வேலை இல்லை. தொடையில் தட்டி, "சரி, அப்போ..." என்று எழுந்தால் அது வெறும் ஆரம்பம்தான். சமையலறையில் ஒரு கால் மணி, வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் மணி, பிறகு கார் கண்ணாடியை இறக்கி இன்னொரு அரை மணி. நடுவில் ஒரு தட்டு கேக்கோ ஒரு பை உருளைக்கிழங்கோ கைமாறும். அப்படிச் செய்யாமல் கிளம்பினால் சண்டை போட்டுக்கொண்டு போகிறான் என்றுதான் அர்த்தம்.

அக்டோபரில் கிளம்பிய அன்று அண்ணன் வீட்டில் நான் அதைச் செய்யவில்லை. இருட்டுவதற்குள் பக்கத்து அயோவா மாநிலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நின்றபடியே காபி குடித்தேன். காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டேன்.

"இருடா, கராஜ்ல உனக்கு ஒன்னு வெச்சிருக்கேன். எடுத்துட்டு வரேன்" என்று அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"கார்ல ஊசி குத்தக்கூட இடமில்லண்ணே. அனுப்பி வை!"

"அஞ்சு நிமிஷம் இருங்களேன்" என்றாள் லவோன்.

நான் இருக்கவில்லை. சாலைத் திருப்பத்தில் பின்கண்ணாடியைப் பார்த்தேன். அண்ணன் எதையோ இரண்டு கையாலும் அணைத்தபடி முற்றத்தில் நின்றிருந்தார். கையை அசைக்க முடியாததால் தலையை மட்டும் ஆட்டினார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் ஏரியிலிருந்து போனில் கூப்பிடுவார். உறைந்த ஏரியின் நடுவில் எங்கள் அப்பா காலத்து மரக்குடிசையை இழுத்துக்கொண்டுபோய் வைத்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்போம். நானும் அவரும் ஐம்பது வருடம் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்த இடம் அது.

"ஐஸ் பதினெட்டு அங்குலம் ஏறிடுச்சு. உன் துளையையும் போட்டு வெச்சிருக்கேன். எப்படா வர்ற?"

"எங்கிட்ட கோட்டே இல்லியேண்ணே."

"கோட்டுக்கு நான் ஆச்சு. நீ வந்து சேரு."

நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். நாலு ஜனவரி இப்படியே ஓடியது. விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான். நீச்சல் குளம் சுத்தம் செய்ய ஆள் வருகிறான், நண்பர்களோடு சீட்டாட்டப் போட்டி இருக்கிறது என்று ஏதாவது சொல்வேன். நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

ஐந்தாவது ஜனவரியில், "எப்படி இருக்கேண்ணே?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் சுமார்தான். இந்த வருஷம் வந்துட்டுப் போயேன்."

எங்கள் ஊரில் யாரும் சுமார் என்று சொல்லமாட்டார்கள். கால் ஒடிந்து கிடந்தாலும் "மோசமில்ல" என்றுதான் சொல்வார்கள். என் அப்பா சாகும் காலையில்கூட டாக்டரிடம் "மோசமில்ல" என்றார். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கொஞ்சம் சுமார் என்றால் அன்றைக்கே வண்டி ஏற வேண்டும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியும். நாலு வருட வெயிலில் என் காது மந்தமாகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் எதையும் மறைக்காமல் கொட்டித் தீர்க்கும் மனிதர்களோடு பழகிவிட்டு, அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"மார்ச்ல வரேண்ணே. குளிர் கொஞ்சம் குறையட்டும்."

"ஐஸ் இளகறதுக்குள்ள, மார்ச் முதல் வாரத்துல குடிசையைக் கரைக்கு இழுத்துடணும்டா" என்றார். "சரி, உன் வசதி" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்களுக்குள் இத்தனை சுருக்கமாகப் பேச்சு முடிந்ததே இல்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி பதினோராம் தேதி அண்ணி ஆர்டிஸ் கூப்பிட்டார். அண்ணன் போய்விட்டார். நுரையீரலில் புற்றுநோய், நவம்பரிலிருந்தே இருந்ததாம். என்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தாராம்.

அரிசோனாவில் வாங்கிய மெல்லிய மேல்சட்டையோடு மினியாபொலிஸ் விமான நிலையத்தில் இறங்கினேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. மூக்குக்குள் ரோமம் உறைந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டுகளும் வைத்திருந்தார்கள். எல்லோரும் என் தோல் நிறத்தைப் பார்த்து, "நல்லா வெயில் பிடிச்சிருக்கே" என்றார்கள். அவர்கள் எதுவும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது.

கல்லறைக்குக் கிளம்பும்போது அண்ணி என் சட்டையைப் பார்த்தார். தன் காரின் பின்னிருக்கையிலிருந்து ஒரு துணி உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

திறந்தேன். என் பழுப்புக் கோட். கை மடிப்பில் லவோனின் ஒட்டு. காலரில் மங்கிப்போன ஆரஞ்சுச் சீட்டு.

"உங்க விற்பனையில முதல் ஆளா வாங்கினது அவர்தான் தம்பி" என்றார் அண்ணி. "'இந்த மடையன் ஜனவரியில வந்து பல்லு கிட்டி நிப்பான்'னாரு. அன்னைக்கு நீங்க கிளம்பறப்ப இதைத்தான் எடுத்துட்டு ஓடி வந்தாரு. வருஷா வருஷம் டிசம்பர்ல வெளிய போட்டு உதறுவாரு. இந்த வருஷம் முடியல, என்னை உதறச் சொன்னாரு."

லவோனைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யார் வாங்கியது என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். "'அவனா வந்து பாத்துக்கட்டும், சொல்லாதே'ன்னு அவர் சொன்னாரு" என்றாள்.

தரை இறுகிப் போயிருந்ததால் மே மாதம்தான் குழி தோண்ட முடியும். அதுவரை பெட்டியை வைக்கக் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு சிறு கல்கட்டடம் இருக்கிறது. பாதிரியார் இரண்டே நிமிடத்தில் ஜெபம் முடித்தார். கதவைப் பூட்டினார்கள். குளிர் தாங்காமல் எல்லோரும் கார்களுக்கு ஓடினார்கள்.

நான் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன். தொடையில் தட்டி, "சரி, அப்போ..." என்றேன்.

பிறகு பூட்டிய கதவின் முன் நின்று அண்ணனிடம் பேச ஆரம்பித்தேன். தேளைப் பற்றிச் சொன்னேன். சீட்டாட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றதைச் சொன்னேன். ஏரிக் குடிசையைக் கரைக்கு நானே இழுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. லவோன் காரிலிருந்து ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.