பெயருக்குக் கீழே ஒரு வரி

திருத்துவதற்காக மேசைக்கு வந்த நாளிதழ்ப் பக்கத்தின் வலது ஓரத்தில் ஆறு முகங்கள் இருந்தன. ஐந்தாவது முகம் அவருடைய தம்பியுடையது. நல்ல படம். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. ஊருக்கே தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரியும் என்பதுபோல் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிரித்தன. கீழே பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி: 'பிரபல பல் மருத்துவர். காலநிலை குறித்து ஆய்வுக் கட்டுரை எதையும் வெளியிட்டதில்லை.' அவர் கையிலிருந்த சிவப்புப் பேனா அவரைக் கேட்காமலே போய் 'பிரபல' என்ற சொல்லை அடித்துவிட்டுத் திரும்பியது. அது யாருடைய 'பிரபல' என்று அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அந்த நாளிதழில் அவர் தலைமைத் திருத்துநர். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் அவரை விடாமல் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். 'மாபெரும்', 'முன்னணி', 'புகழ்பெற்ற' போன்றவை அவர் மேசையைத் தாண்டி உயிரோடு போனதில்லை. ஒரு பெரிய மனிதரின் பெயருக்கு முன்னால் ரயில் பெட்டிபோல் கோத்துக்கொண்டு வந்த பட்டங்களை வெட்டிவிட்டு, "இன்ஜின் இருக்கு இல்ல, ஓடும்" என்று சொன்னவர். ஒருவன் என்ன படித்தானோ, என்ன வேலை செய்தானோ, அதுதான் அவன். மிச்சமெல்லாம் ஒப்பனை என்பது அவர் கட்சி.

கட்டுரை, பூமி சூடாகிறது என்பதை ஏற்காத ஒரு கழகத்தைப் பற்றியது. கழகத்தார் தங்கள் மேடைப் பதாகையில் 'சுதந்திரக் காலநிலை அறிஞர்கள்' என்று போட்டுக்கொள்கிறார்கள். நிருபர் பெண் ஒருத்தி அலைந்து திரிந்து, அந்த அறிஞர்கள் உண்மையில் யார் யார் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் பாலம் கட்டிய பொறியாளர். ஒருவர் கணக்குத் தணிக்கையாளர். ஒருவர் விமானம் ஓட்டியவர். வானிலை படித்தவர் என்று ஒரே ஒருவர் இருந்தார். அவரும் படித்ததோடு சரி, வேலை பார்த்ததெல்லாம் நிலக்கரி கம்பெனியில்.

"சார், இவங்கள எப்படிச் சொல்றது? 'ஐயம் கொண்டவர்கள்'னு போடவா, 'மறுப்பவர்கள்'னு போடவா? அவங்க மொதல் வார்த்தையத்தான் போடணும்னு கேக்கறாங்க" என்று அவள் காலையில் வந்து கேட்டிருந்தாள்.

"சந்தேகம்னா பதில் கெடைச்சதும் தீரணும்மா. பதில் சொன்ன பிறகும் அதே கேள்விய விடாம கேக்கறவனுக்கு சந்தேகம்னு பேரில்ல. மறுப்பவர்கள்னே போடு."

அப்போது அவர் முகங்களைப் பார்த்திருக்கவில்லை.

இது என் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கம் வேறு மேசைக்குப் போயிருக்கும். அதுதான் முறை. அந்த முறையை அலுவலகத்தில் கொண்டுவந்தவரே அவர்தான். ஆனால் அவர் பக்கத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். வேறு யார் கையிலாவது போனால் என்ன எழுதித் தொலைப்பார்களோ, வீட்டு மானம் வீதிக்கு வந்துவிடுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன காரணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பசித்தவன் தட்டை இழுத்துக்கொள்வதுபோல்தான் அவர் கை அந்தப் பக்கத்தை இழுத்துக்கொண்டது.

அப்பா போனபோது அவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு மெய்ப்புப் பார்க்க வந்தார். தம்பி படித்தான். குடும்பத்தில் முதல் டாக்டர். மருத்துவமனை வாசலில் பலகை மாட்டிய அன்று அதைத் தன் கைக்குட்டையால் துடைத்தவர் அவர். 'டாக்டர்' என்ற அந்த நான்கு எழுத்தும் தன் படிப்பை உருக்கி வார்த்தது என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததிலேயே ஒரு நிமிர்வு இருந்தது. தெருவில் அவரை யாரும் பத்திரிகைக்காரர் என்று சொல்வதில்லை. டாக்டரோட அண்ணன். அவர் பெயருக்குக் கீழே இருந்த வரி அதுதான். இத்தனை வருஷம் அதையும் கௌரவமாகத்தான் சுமந்தார்.

இந்தக் கழகம் வந்த பிறகுதான் அந்தச் சுமை உறுத்தத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் யாருக்கும் சொல்லாமல் கூட்டத்துக்குப் போனார். அரங்கம் நிறைந்திருந்தது. தம்பி ஒலிபெருக்கியைப் பிடித்த பிடியிலேயே ஒரு தேர்ச்சி. "ஒரு பல் ஆடினா வாயே போச்சுன்னு சொல்ற டாக்டர நம்புவீங்களா?" என்றான். சனம் சிரித்தது, தட்டியது, எழுந்து நின்றது. சொன்னது அத்தனையும் பிழை என்று அவருக்குத் தெரியும். சொல்லுக்குச் சொல் அடிக்கலாம். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் திருத்திய சரியான வாக்கியங்களுக்கு ஒரு மனிதன்கூட எழுந்து நின்றதில்லை. போதாக்குறைக்கு அவருடைய சொந்த மகளே சித்தப்பாவின் பேச்சுகளை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "நான் அவர் கட்சி இல்லப்பா. ஆனா என்னமா பேசறார்!" என்பாள். அப்பா திருத்திய பக்கத்தில் அவள் பலகாரம்தான் மடித்துக் கொடுப்பாள்.

மதியம் அவர் தம்பியின் மருத்துவமனைக்குப் போனார். துணிக்கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டு. அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்திருந்தன. நாற்காலியில் ஒரு லாரி ஓட்டுநர் மல்லாந்து கிடந்தார். ஊசி போட்டாயிற்று, கன்னம் மரத்துப்போகக் காத்திருக்கிறார். வாய் நிறையப் பஞ்சு.

"வாங்கண்ணா. வருவீங்கன்னு தெரியும்" என்றான் தம்பி. "அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. எந்தப் பத்திரிகைன்னு கேட்டேன். அட, நம்ம வீட்டுப் பத்திரிகை!"

"வீட்டுல பத்திரிகை கெடையாது. ஆபீஸ்லதான் இருக்கு."

"கோவிச்சுக்காதீங்க. என்னைய என்னன்னு போடப்போறீங்க?"

"நீ என்னவோ அது."

"அதத்தானே கேக்கறேன். நான் என்ன?"

"பல் மருத்துவர்."

லாரி ஓட்டுநர் தலையை ஆட்டினார். அவரைப் பொறுத்தவரை அதில் கருத்து வேற்றுமை இல்லை.

"ஆய்வாளர்னு ஒரு வார்த்த சேருங்கண்ணா. விழுந்து விழுந்து படிக்கிறேனே, அதுவும் ஆய்வுதானே?"

"படிச்சதெல்லாம் ஆய்வுன்னா நான் தினம் ஒரு பேப்பர் முழுசாப் படிக்கிறேன்டா. எனக்கு எத்தன பட்டம் குடுப்ப?"

"சரி, வெறும் மருத்துவர்னு போடுங்க. பல்ல எடுத்துடுங்க."

"பல்ல எடுக்கறது உன் வேல."

பஞ்சுக்கு நடுவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தம்பி சிரிக்கவில்லை. கையுறையை எடுத்து ஊதினான்.

"அண்ணா, இந்த நாற்காலிக்கு முன்னால நின்னு நான் பேசாத பேச்சில்ல. எதிர்ல வாய் தெறந்துதான் இருக்கும். ஒருத்தன் ஒரு வார்த்த பதில் சொல்ல மாட்டான். அந்த மேடையில நான் பேசினா பதிலுக்குக் கை தட்டறாங்க. நீங்க இதப் போட்டீங்கன்னா நாளைலேருந்து எவன் கூப்புடுவான்? பல்லு புடுங்கறவன்னு சிரிப்பாங்க. அவ்வளவுதான், என் மேடை போச்சு."

"கை தட்டினா சூடு கொறஞ்சுடுமா? போன கோடையில இந்த ரூம்லயே ரெண்டு பேரு மயங்கி விழுந்தாங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு, சூடே இல்லன்னு."

"அது வயசாலண்ணா."

"நம்ம குடும்பத்துல பொய்ப் பட்டம் போட்டுக்கிட்டவன் யாரும் கெடையாது."

தம்பி கையுறையை விரல் விரலாக மாட்டினான். பிறகு குரலை உயர்த்தாமல், பல் பிடுங்கினால் வலிக்குமா என்று கேட்பவனிடம் சொல்வதுபோல் சொன்னான்.

"உங்களுக்குப் பொறாமைண்ணா."

"என்ன?"

"கூட்டத்துக்கு வந்தீங்க. கடைசி வரிசை. எல்லாரும் தட்டினப்ப நீங்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. மேடையிலேருந்து பாத்தா எல்லாம் தெரியும்ணா."

ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் கட்டிப்போட்ட மனிதன் செய்யக்கூடிய மரியாதை அதுதான். அண்ணன் படியிறங்கினார்.

அலுவலகம் வந்து பக்கத்தை விரித்தார். கைகள் தொடைக்கு அடியில் இருந்தது அவருக்கே தெரியாது. தட்டாமல் இருந்தது தெரியும். அமுக்கிப் பிடிக்கும் அளவுக்கு அவை தட்டத் துடித்தனவா, அடிக்கத் துடித்தனவா? பேனாவின் மூடியைத் திறந்தார். 'பல்' என்ற சொல்லை மட்டும் அடித்தால் போதும். மீதி வாக்கியமும் பொய்யாகாது, வீட்டு மானமும் நிற்கும். அடிக்காவிட்டால் உண்மை நிற்கும். ஆனால் அந்த உண்மையை இனி அவர் கை தொட்டாலே பொறாமை வாடை அடிக்கும். சரியான வாக்கியம் ஒன்று இப்படி அழுக்காகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடித்து வைத்த 'பிரபல'வைப் பார்த்தார். அது விதியால் விழுந்ததா, வயிற்றெரிச்சலால் விழுந்ததா? மற்ற ஐவருக்கும் அடைமொழி இல்லை. அதனால் விதிதான். அப்படியானால் அடித்தபோது அவ்வளவு இனித்தது ஏன்?

நிருபர் பெண்ணைக் கூப்பிட்டார்.

"அந்த அஞ்சாவது ஆளு என் கூடப்பொறந்த தம்பி."

அவள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஐயோ சார், எனக்குத் தெரியாதே! மாத்தணுமா?"

"நீ விசாரிச்சது உண்மைதானே?"

"சத்தியமா சார்."

"அப்ப ஒரு எழுத்தக்கூட மாத்தாத. ஆனா பக்கத்த என் மேசையிலேருந்து எடுத்துட்டுப் போ. துணை ஆசிரியர் பாக்கட்டும்."

"'பிரபல'ன்னு போட்டது..."

"அது யாருக்கும் கெடையாது."

மறுநாள் அந்த வரி அப்படியே வந்தது. "வளத்த கையாலயே வெட்டிட்டீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று வீட்டில் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் டாக்டரோட அண்ணனைப் பார்த்து எதையோ விழுங்கிக்கொண்டு போனார்கள். அவர் முதுகை முன்னைவிட நிமிர்த்தி நடந்தார். இந்த ஞாயிறு கூட்டம் நடக்காது என்று எண்ணிக்கொண்டார். அந்த எண்ணத்தின் ஓரத்தில் ஒரு துளி தேன் ஒட்டியிருந்தது. துடைத்தாலும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை மகள் தன் அறையிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, கொஞ்சம் வாங்களேன். நேத்துக் கூட்டம். இன்னும் ஏத்தல."

கணினித் திரையில் அதே அரங்கம். இந்தத் தடவை ஓரங்களிலும் ஆள் நின்றார்கள். தம்பி நாளிதழை விரித்து, அந்த வரியைத் தானே உரக்கப் படித்தான். "உண்மையத்தான் போட்டிருக்காங்க. நான் பல் டாக்டர்தான்! வெளிய பளபளன்னு இருந்தாலும் உள்ள சொத்த எங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் என் தொழில்!" கூரை இடிந்து விழுவதுபோல் கைதட்டல். உண்மை அவனைக் கீழே தள்ளவில்லை. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டிருந்தது.

தம்பி கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினான். "இதப் போட்டது யார் தெரியுமா? எங்க அண்ணன். இந்தப் பத்திரிகையோட ஆசிரியர். தன் படிப்ப நிறுத்திட்டு என்னைப் படிக்க வெச்ச மனுஷன். தம்பின்னுகூடப் பாக்காம எழுதினாரே, அவருக்கு ஒரு கை தட்டுங்க!"

அரங்கம் எழுந்து நின்றது. தட்டியது. நிறுத்தாமல் தட்டியது.

மகள் சட்டென்று படத்தை நிறுத்தினாள். "ஆசிரியரா? சித்தப்பா எப்பவும் இப்படித்தான். அந்த ஒரு வார்த்தைய வெட்டிடறேன்ப்பா. நீங்கதான் இதெல்லாம் ஒத்துக்க மாட்டீங்களே. ஒரு நிமிஷ வேல. வெட்டட்டுமா?"

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மொதல்ல முழுசாப் போடு" என்றார்.

அவள் போட்டாள். திரையில் முன்வரிசைக்காரர்கள் தட்டிக்கொண்டே பின்னால் திரும்பினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசையும் திரும்பியது. அரங்கம் முழுக்க, முகம் முகமாக, அந்த அண்ணனை வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தது. மகளின் விரல் வெட்டும் பொத்தான்மேல் தொட்டும் தொடாமலும் நின்றது.