பாயச சாம்பார்

மாலையில் திரும்பி வரும் டப்பாக்களை வித்யா கழுவப் போடமாட்டாள். முதலில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பாள். ஐடி வேலையை விட்டுவிட்டு, பெங்களூர் தொம்மலூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் தொடங்கிய கம்பெனி அது. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு. ஆப் மட்டும் அவள் கணவனான நான் செய்து கொடுத்தேன். அதில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். டப்பாவில் சாம்பார் அப்படியே திரும்பி வந்தது.

"நட்சத்திரம் மரியாதைக்குப் போடறதுங்க. டப்பாவுக்கு மரியாதை தெரியாது" என்பாள்.

ஷில்பா என்ற பெண் வேலை பார்த்த அலுவலகத்தில் எங்கள் சாப்பாட்டுக்கு அது சோதனை வாரம். வெள்ளிக்கிழமை அவர்கள் வேண்டாம் என்றால் அடுப்பை அணைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். நான் பெங்களூரில் பிறந்தவன். சாம்பார் திரும்பி வரும் காரணம் எனக்குத் தெரியும்: இங்கே அதில் கொஞ்சம் இனிப்பு வேண்டும்.

"கொஞ்சம் வெல்லம் போடேன், வித்யா."

"சாம்பார்லயா? எங்க வேலூர்ல கேட்டா சிரிப்பாங்க."

வியாழக்கிழமை டப்பாக்களோடு அவளே கிளம்பினாள். நானும் போனேன். அங்கே அவர்களோடு மேசையில் உட்கார்ந்துகொண்டாள். எல்லாரும் சாம்பாரை ஓரமாகத் தள்ளி வைக்க, ஷில்பா மட்டும் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, வெல்லத்தூளைத் தூவிக் கலந்து சாப்பிட்டாள். வித்யா பார்ப்பதைக் கவனித்ததும் அவள் முகம் சிவந்தது.

"பேஜார் பண்ணிக்காதீங்க அக்கா. எனக்கு ஸ்வல்ப பெல்லா வேணும், அஷ்டே." வருத்தப்படாதீர்கள், கொஞ்சம் வெல்லம் வேண்டும், அவ்வளவுதான் என்று கன்னடம் கலந்து சொன்னாள்.

வித்யா அவள் தட்டிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். "இது சாம்பார் இல்லம்மா, பாயசம்!" மேசையே சிரித்தது.

திரும்பும்போது ஆட்டோவை ஒரு மளிகைக் கடையில் நிறுத்தச் சொன்னாள். "எனக்கா சமைக்கிறேன்?" என்று யாரிடமோ சண்டை போடுவதுபோல் கேட்டுவிட்டு இறங்கி, வெல்லம் வாங்கி வந்தாள்.

மறுநாள் இரண்டு பாத்திரம். ஆப்பில் இரண்டாவதற்கு அவளே பெயர் வைத்தாள்: பாயச சாம்பார். அன்று டப்பாக்கள் காலியாக வந்தன. ஷில்பாவின் டப்பாவில் மட்டும், துடைத்ததுபோல் சுத்தமான அடியில், ஒரு வெல்லக்கட்டி. கூடவே போனில் செய்தி: திங்கள் முதல் தினமும்.

"கொழுப்பப் பாருங்க அவளுக்கு!" என்று சொல்லி, வித்யா அதை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு அதுவே வழக்கமானது. வெள்ளிதோறும் ஒரு வெல்லக்கட்டி வரும்.

வித்யா இறந்துபோனபின் சில வாரங்கள் அடுப்பு எரியவில்லை. மறுபடி தொடங்கிய வெள்ளிக்கிழமை மாலை, அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து நான் மூடிகளைத் திறந்தேன். ஒன்றில் வெல்லக்கட்டி இருந்தது. அது உள்ளங்கையில் பிசுபிசுக்கும்வரை வைத்திருந்தேன்.

சமையல் செய்யும் காந்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணா, திங்கக்கிழமைக்குப் பாயசம் எத்தினி டப்பா?"

வாய் நிறைய வெல்லம். இரண்டு கைகளையும் விரித்து, மூடி, மறுபடி விரித்துக் காட்டினேன்.