ஒரே ஒரு வளைவு

உயரம் என்றால் சிலந்திக்குப் பொருட்டே இல்லை. மின்கோபுரத்தின் உச்சியில் காலை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பவன் என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. அப்பேர்ப்பட்டவன் அன்று, கம்பி அறுக்கும் மெஷினைத் தோளில் சுமந்து, அக்கா வீட்டு மாடிப்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினான்.

மொட்டைமாடியின் மூலைகளில் தூண் கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மேலே ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுவது அக்காவின் திட்டம். தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளுக்கு முழங்கால் போய்விட்டது. இனி அந்த வாடகைதான் சோறு. இப்போது அறை வராது. பழைய லைன் பாரம் தாங்கவில்லை என்று புதிதாக இழுக்கும் பெரிய லைன் இந்த மாடிக்கு மேலேதான் போகிறது. அதன் கீழே ஒன்றும் உயரக்கூடாது. கட்டாத அறைக்கு நஷ்டஈடும் கிடையாது.

"உன் அக்கா வீடுதானே, நீ போனா சண்டை வராது" என்று லைன் வேலை மேஸ்திரி கம்பிகளை அறுக்க அவனையே அனுப்பிவிட்டார்.

லைனுக்கு அளவுக்கல் நட்டபோதே, கொஞ்சம் விலக்கிப் போட முடியாதா என்று அக்கா கேட்டாள். அவள் போட்ட சாப்பாட்டின் தெம்பில், இன்ஜினியர் தன் பேச்சைத் தட்டமாட்டார், லைனை விலக்கிப் போடச் சொல்கிறேன் என்று அளந்துவிட்டான். மறுநாள் இன்ஜினியரைப் பார்த்ததும் வாயில் வந்தது வணக்கம் மட்டும்தான். அப்புறம் அவரே வேறு யாருக்கோ விளக்கியதைக் கேட்டான். நேராகப் போனால் சாதாரணக் கோபுரம் போதும். வளைத்தால் அந்த இடத்தில் இழுவை தாங்க இரட்டிப்பு இரும்பு, இரட்டிப்பு கான்கிரீட். செலவு கடைசியில் ஜனங்களின் பில்லில்தானே ஏறும்? அதனால் இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு வளைவுதான். அது பூட்டிக் கிடந்த ஒரு பெரிய மனிதரின் கிடங்கைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வளைவுக் கோபுரத்தில் போல்ட் முடுக்கியதே சிலந்திதான். இன்ஜினியருக்கு வணக்கம் வைத்த அன்று மாலையே அக்காவிடம் "பேசியாச்சுக்கா" என்று சொல்லிவைத்தான். லைனை எதிர்த்து மனு கொடுக்கும் கெடு முடிந்துபோயிற்று.

இப்போது மாடியில் முதல் மூலையின் கம்பிகளை அறுத்து முடித்தான். கொடியிலிருந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டபடி அக்கா கேட்டாள்.

"இன்ஜினியர் என்னதான் சொன்னாரு, தம்பி?"

மெஷினின் வயரை ஒழுங்காகச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டான். "நான் கேக்கவே இல்லக்கா."

"தெரியும். கேட்டிருந்தா மறுநாளே வந்து நடிச்சே காட்டியிருப்பே."

"அப்புறம் ஏன் மனு கொடுக்கலே?"

"லைன்ல வேலை செய்யறவன் அக்காவே எதிர்த்து எழுதினாள்னா, உன்னை வெச்சிருப்பாங்களா?"

அவன் அடுத்த மூலைக்குப் போய் மெஷினை அழுத்தினான். இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. தெருவில் கரண்ட் போயிருந்தது.

"இந்த லைன் வந்தா கரண்டே போகாதுன்னியே?"

"இது தூரத்து ஃபேக்டரிங்களுக்குப் போறதுக்கா. நம்ம தெருவுக்கு அதே பழைய கம்பிதான்."

கை ரம்பத்தை எடுத்தான். அறுக்க அறுக்கக் கம்பி ஆடி, ரம்பம் வழுக்கியது. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் ஆடாம பிடிச்சுக்கறேன். நீ அறு."

இரும்புத்தூள் கண்ணில் படாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோளுக்கு அப்பால் கோபுரங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கிடங்கின் அருகே மட்டும் மரியாதையாக ஒதுங்கித் திரும்பின.