கெஸ்ட் மூன்று

துஷ்யந்திக்கு வாய் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், குழாயடியில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஆனால் பல்கலைக்கழக வாசலை மிதித்ததும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். அங்கே அவள் மாணவியும் அல்ல. மண்சரிவு ஆராய்ச்சிக்கு ஒரு வருடத்துக்கு எடுத்த உதவியாளர். பதினாறு கணினிகளை ஒன்றாகப் பிணைத்த தொகுதிக்குள் நுழைய அவளுக்குக் கொடுத்திருந்த பெயர் கெஸ்ட் மூன்று, அதாவது மூன்றாம் விருந்தாளி.

அந்தப் பதினாறும் சேர்ந்துதான் அவள் தோட்டத்து மலையில் எந்தச் சரிவு தாங்கும், எது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் மேல் விழும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தன. மே மாத மழைக்கு முன் வரைபடம் தயாராக வேண்டும். கீழ் லயத்தில்தான் அவளுடைய அம்மா பிரேமலதா இருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துத் தொகுதியின் இயங்குதளத்துக்கு ஆயுள் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. வேறொரு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற வேண்டும். புத்தம் புதிதாக வந்தது ஒன்று. வெளிவந்து சில வருடமான பழசு என்றாலும் நெடுங்காலப் பராமரிப்பு உறுதியானது இன்னொன்று. பேராசிரியர்கள் எல்லாரும் புதியதன் பக்கம்.

தொகுதிக்குப் பொறுப்பான பளீல், யார் எந்த நிரலைப் பாவிக்கிறார்கள் என்று எழுதச் சொல்லி ஒரு தாளைச் சுற்றவிட்டார். துஷ்யந்தியின் நிரல் பழைய காலத்து ஆள். புதியதில் அது ஓடாது என்று தன் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தாள். இருந்தும், இடம் கொடுத்தவர்களிடம் இன்னும் என்ன கேட்பது என்று, எழுதாமலே தாளை அடுத்த மேசைக்குத் தள்ளிவிட்டாள். மடத்தனம்தான், வேறென்ன!

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பளீல் எழுந்தார்.

"பழசத்தான் போடப் போறன்."

"ஏன் பளீல்?" என்றார் பேராசிரியர் சிறில்.

"தாள்ல உள்ளதெல்லாம் ரெண்டுலயும் ஓடுது சேர். தாள்ல இல்லாத ஒன்டு புதுசுல நின்டு போகுது. பதிவப் பாத்தன். போன மாசம் ஆகக் கூட ஓடினது அதுதான். மண்சரிவுக் கணக்கு."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. சிறில் சிரித்துக்கொண்டே, "அப்ப பழசே போடுங்க" என்றார்.

கொழுந்து மலையில், தன் நிரையை முடித்தவள் பக்கத்து நிரையில் பின்தங்கியவளின் கூடையில் நாலு கை கொழுந்து போட்டுவிட்டுத்தான் போவாள். யாரும் கேட்பதில்லை. அப்படி நிறைந்த கூடையோடு அம்மா வந்த நாட்களைத் துஷ்யந்தி அறிவாள். கூட்டம் கலைந்ததும் பளீலிடம் போனாள்.

"ரொம்ப நன்றிங்க சேர்."

"ஏன் புள்ள எழுதல்ல?"

"எடம் குடுத்ததே பெருசுங்க. அதுக்கு மேல கேக்க ஒரு மாதிரியா இருந்திச்சு."

"கேக்காட்டி எனக்கு எப்பிடித் தெரியும்? நல்ல காலம், மெஷினுக்காவது வாய் இருந்திச்சு."

திங்கட்கிழமை புதிய ஏற்பாடு தயார். துஷ்யந்தி கெஸ்ட் மூன்று என்று அடித்தாள். அப்படியொருவர் இல்லை என்றது திரை. மீண்டும் அடித்தாள். இல்லை. பளீலின் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேர் இனி இல்ல" என்றார் பளீல், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்கட சொந்தப் பேர அடிங்க."

அடித்தாள். திறந்தது. விட்ட இடத்திலிருந்து கணக்கு ஓடத் தொடங்கியது. கண் நிறைந்திருந்ததால் முதல் வரிகளை அவளால் படிக்க முடியவில்லை.