இரண்டு கூடைகளில் ஓர் ஊஞ்சல்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அண்ணியுடையது. பல் மருத்துவமனையில், ஊசி போட்டு வாயின் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்த நேரத்தில் அவர் எனக்குச் சொன்னது. பாதி வாயால் சொன்னதால் பாதிக் கதைதான் என் காதில் விழுந்தது. மீதியை நான் நிரப்பியிருக்கிறேன். எங்கே நிரப்பினேன் என்பதையும் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

அண்ணியின் வேலையை முதலில் சொல்ல வேண்டும். பல வேலைகளை ஒரே சமயத்தில் எடுத்துச் செய்யும் நிறுவனங்கள், எல்லாத் திட்டங்களையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு மென்பொருள் வாங்குகின்றன. வாங்கிய கையோடு அது ஓடிவிடாது. கணக்கு வருடம் எந்த மாதத்தில் தொடங்குகிறது, ஒருவரின் ஒரு மணி நேர வேலைக்கு என்ன செலவு, பட்ஜெட்டுக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும், செலவு எவ்வளவு ஏறினால் யாருக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்பதையெல்லாம் யாராவது கூடவே உட்கார்ந்து அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்த யாராவதுதான் அண்ணி.

“கல்யாணத்துக்கு முன்னாடி பேசி முடிச்சிருக்க வேண்டிய விஷயத்தையெல்லாம் இவங்க என் முன்னாடிதான் முதல் தடவையா பேசுவாங்க” என்பார்.

2

ஆரம்பிக்கத் தெரியாமல் கொஞ்ச நாள் தவித்தேன். அப்போது எழுதிப் பார்த்த தொடக்கங்களைக் கிழித்துப்போட மனமில்லாததால் இங்கேயே விட்டுவைக்கிறேன்:

வெளியே மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. அண்ணி மடிக்கணினியைத் திறந்து

(மழை இல்லை. கேட்டுவிட்டேன். “சுள்ளுனு வெயில்” என்றார்.)

பணம் என்பது உண்மையில் அன்பின் இன்னொரு

(இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.)

கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

இது தேவலை. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

அது குழந்தைகள் விளையாடும் இடங்களை வடிவமைத்துக் கட்டித்தரும் சின்ன நிறுவனம். சறுக்கு, ஏணி, மணல்தொட்டி, ஊஞ்சல். நடத்துகிறவர்கள் இரண்டு பேர். வரைவது அந்த அம்மாள். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பென்சில். கட்டுவது அந்த ஆள். அவருக்குப் பட்டப்பெயர் சிமெண்ட். இருவருக்கும் தங்கள் பட்டப்பெயர் தெரியும் என்பதால் நானும் தயங்காமல் எழுதுகிறேன்.

பென்சிலும் சிமெண்ட்டும் கணவன் மனைவியாக இருந்தவர்கள். போன வருடம் விவாகரத்து ஆயிற்று. வீட்டைப் பிரிப்பது சுலபமாக முடிந்துவிட்டது. நிறுவனம் மட்டும் பிரியாமல் இழுத்துக்கொண்டே கிடந்தது. புதுக் கணக்கு வருடத்திலிருந்து ஆளுக்கு ஒன்றாக இரண்டாக்கிவிடுவது என்று முடிவு. அதற்காகத்தான் அண்ணியை வரச்சொன்னது. மென்பொருளில் திட்டங்களை இரண்டு கூடைகளாகப் பிரிக்க வேண்டும்*, ஒவ்வொரு கூடைக்கும் தனித்தனி பட்ஜெட் அமைத்துத் தர வேண்டும்.

(*அண்ணி ‘போர்ட்ஃபோலியோ’ என்றார். என் வாயில் அது நுழையவில்லை. கூடை என்றே வைத்துக்கொண்டேன்.)

நான்காவது ஆள் கணக்குப் பார்க்கும் இளைஞன். பென்சிலின் கூடப்பிறந்த தம்பி. சிமெண்ட்டை இன்னமும் ‘அத்தான்’ என்றுதான் கூப்பிடுகிறான். “அதை மாத்துறதுக்கு ஏதாவது செட்டிங் இருந்தா சொல்லுங்க மேடம்” என்று முதல் நாளே அண்ணியிடம் கேட்டானாம்.

எச்சரிக்கை அளவை அமைக்கும்போது நடந்ததை அண்ணி நடித்தே காட்டினார். எச்சில் ஒழுகியது, துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

“பட்ஜெட்ல எத்தனை சதவீதம் செலவானா உங்களுக்கு மெயில் வரணும்?”

“எழுபது” என்றார் சிமெண்ட். “அப்பவே தெரிஞ்சாத்தான் ஏதாவது பண்ண முடியும்.”

பென்சில் தம்பியின் பக்கம் திரும்பினார். “தொண்ணூத்தஞ்சு போதும்னு சொல்லுடா. எழுபதுலயே மணி அடிச்சா அப்புறம் மனுஷன் எப்படி வரையறது? பயந்துக்கிட்டே கோடு போட்டா கோடு கோணலாத்தான் வரும்.”

“அத்தான், அக்கா தொண்ணூத்தஞ்சு...”

“காதுல விழுந்துச்சு. கடைசி நேரத்துல வந்து நின்னா நான் என்ன மந்திரமா போட முடியும்னு கேளு.”

“அக்கா, அத்தான்...”

“எனக்கும் காது இருக்கு.”

அண்ணி குறுக்கே புகுந்தார். “ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வைக்கணும்னு இல்லையே. அவருக்கு எழுபதுல போகட்டும், உங்களுக்குத் தொண்ணூத்தஞ்சுல வரட்டும். ஆளுக்கு ஆள் தனியா வெச்சுக்கலாம்.”

பென்சில் மடிக்கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த வசதி முன்னாடியே இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா. யாரும் கேக்கறதில்ல.”

சிமெண்ட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

4

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். தம்பியைப் பற்றியதுதான்.

அண்ணி சொன்னது “கணக்குக்கு ஒரு பையன் இருந்தான்” என்பது மட்டும். அவனை அந்த அம்மாளுக்குத் தம்பியாக்கியதும், அவன் வாயில் ‘அத்தான்’, ‘அக்கா’ எல்லாம் போட்டதும் நான். மரத்த வாயிலிருந்து ‘தம்பி’ என்று ஒரு சொல் வந்தது. அது உறவா, வெறுமனே கூப்பிட்ட வார்த்தையா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது அண்ணி சிரித்தார். “அவன் யாருக்கும் தம்பி இல்ல. ஆனா நீ எழுதினப்புறம் எனக்கே அப்படித்தான் ஞாபகம் வருது. இருந்துட்டுப் போகட்டும்.”

அதனால் இருந்துவிட்டுப் போகிறான். இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, யாரையும் விட்டுக்கொடுக்க முடியாமல் ஒருவன் விழிப்பதைப் பார்க்க எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. நானே என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் சில காலம்

(வேண்டாம். இது அவர்கள் கதை.)

5

திட்டங்கள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பின் சறுக்குகள் சிமெண்ட்டுக்கு. நூலகத்தின் உள்முற்றம் பென்சிலுக்கு. சண்டை எதுவும் வரவில்லை. ஒன்று மட்டும் எந்தக் கூடையிலும் விழாமல் நின்றது.

அது நடக்க முடியாத குழந்தைகள் படிக்கும் சின்னப் பள்ளிக்கான ஊஞ்சல். சக்கர நாற்காலியை அப்படியே தள்ளிக்கொண்டுபோய் ஏற்றி, பூட்டி, குழந்தை நாற்காலியிலிருந்து இறங்காமலே ஆடலாம். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்த கடைசி வேலை. பள்ளியிடம் வசதி இல்லை, அவர்கள் தருவது செலவில் பாதிக்குக்கூடக் காணாது. நஷ்டம் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வேலையோ பாதி முடிந்திருந்தது. நிறுத்தவும் முடியாது, ஒருவர் தலையில் கட்டவும் முடியாது.

மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே திட்டத்தை இரண்டு கூடைகளிலும் வைத்து, செலவை இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பங்கு பிரிக்கலாம். ஆனால் வருடத்தின் முதல் செலவு பதிவான பிறகு அந்தப் பங்கை மாற்ற முடியாது. அதனால் முன்னதாகவே யோசித்து ஆளுக்கு ஓர் எண் சொல்லுங்கள் என்று அண்ணி கேட்டுவிட்டு வந்தார். சமபங்கு என்று சொல்லிவிடுவார்கள், வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்.

மறுநாள் காலை, அண்ணி காபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சிமெண்ட் வந்து பக்கத்தில் நின்றார். பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அப்புறமும் நகரவில்லை.

“ஊஞ்சலுக்கு என் பக்கம் அறுபது போட்டுடுங்க மேடம்.”

“அவங்ககிட்ட பேசிட்டீங்களா?”

“இல்ல. நான் சொன்னேன்னு தெரிய வேணாம். அவளுக்கு இது தனியா முதல் வருஷம். வேலையெல்லாம் பிரமாதமா செய்வா. ஆனா காசு கேக்க வராது. பில் அனுப்பிட்டு, கூடவே சாரின்னு ஒரு மெசேஜும் அனுப்பற ஆள் அவ. இத்தனை வருஷமா கேக்கற வேலையை நான் செஞ்சேன். இனிமே யாரு கேப்பா சொல்லுங்க?”

அண்ணி சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார். வாக்குக் கொடுப்பது அண்ணிக்குக் கொஞ்சம் சுலபமாகவே வரும்.

மதியம் பென்சில் அண்ணியை மாடிப்படியில் மடக்கினார். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “என் பங்கு அறுபதுன்னு வைங்க. அவர்கிட்ட மூச்சு விடாதீங்க” என்றார்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காட்டிக்கொள்ளாமல், “ஏம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“எனக்கு என்ன பெரிய செலவு? ஒரு மேசை, ஒரு விளக்கு. அவர் ஆளுங்களை வெச்சு வேலை வாங்கணும். பேருதான் சிமெண்ட். சம்பளம் ரெண்டு நாள் தள்ளிப்போச்சுன்னா ஆளுங்க முகத்தைப் பாக்க முடியாம பின்வாசல் வழியா போவார். ராத்திரி சாப்பாடு இறங்காது. இப்ப பக்கத்துல இருந்து சாப்பிடுங்கன்னு சொல்லவும் யாரும் இல்ல.”

சொல்லி முடித்ததும், இவ்வளவு பேசிவிட்டோமே என்று அவருக்கே கோபம் வந்துவிட்டது போலிருக்கிறது. அண்ணி சொல்வதில்லை என்று தலையாட்டியதும் விடுவிடுவென்று படியேறிப் போய்விட்டார்.

6

அண்ணி உட்கார்ந்து இரண்டு கட்டங்களையும் நிரப்பினார். ஒன்றில் அறுபது, இன்னொன்றில் அறுபது. சேமிக்க அழுத்தினார். சிவப்பு எழுத்தில் வந்தது: பங்குகளின் மொத்தம் நூறைத் தாண்டக் கூடாது.

இது வருமென்று அண்ணிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அழுத்திப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்றார்.

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பேசாமல் இரண்டையும் ஐம்பதாக்கிவிட்டு, மென்பொருள் இதைத்தான் ஏற்றுக்கொண்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நோகாது. அண்ணி ஒரு கட்டத்தில் ஐந்தையும் சைபரையும் தட்டவே தட்டினாராம். தட்டிவிட்டுப் பார்த்தபோது, ஒருவர் மற்றவருக்காகச் சொன்ன ஒன்றைத் தன் விரலால் அழிக்கிறோம் என்று உறைத்தது. திரும்ப அறுபதாக்கினார்.

பிறகு மூன்று பேரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மடிக்கணினியைச் சுவர்த்திரையோடு இணைத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் சேமிப்பை அழுத்தினார்.

சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்து. அதற்கு மேலே இரண்டு பெயர்கள், இரண்டு அறுபதுகள்.

தம்பி முதலில் புரிந்துகொண்டான். வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

“நான் எதுவும் சொல்லல” என்றார் அண்ணி. “சாஃப்ட்வேர்தான் சொல்லுது.”

பென்சில் திரையைப் பார்த்தார். பிறகு, ஒரு வருடத்தில் முதல் முறையாக, நேராக அவரைப் பார்த்துக் கேட்டார்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா?”

“உனக்குத்தான். ஏன் அறுபது?”

“நீங்க ஏன் அறுபது?”

“நான் சமாளிச்சுப்பேன்.”

“ஆமா, நல்லாத்தான் சமாளிப்பீங்க. போன மாசம் எந்த வாசல் வழியா வந்தீங்க?”

அண்ணி சத்தமில்லாமல் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவில் அவர்கள் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள். படித்துக் காட்டியதும் அண்ணி காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். “அவங்க பிரிஞ்சது தப்புன்னு உனக்கு யார் சொன்னா? பிரிஞ்சதாலதான் ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பிரிஞ்சவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கக் கூடாதுன்னு சட்டமா?”

இரண்டாவது முடிவில் சமபங்கு. நியாயமான முடிவுதான். எழுதிவிட்டுப் படித்தால் வழக்கறிஞர் எழுதியதுபோல் இருந்தது.

மூன்றாவது முடிவில் தம்பி தண்ணீரோடு வந்து

(இவனுக்கு இவ்வளவு பெரிய வேலை கொடுக்க முடியாது. பாவம், ஏற்கெனவே நான் சேர்த்துவிட்ட உறவு.)

நடந்தது இவ்வளவுதான். அண்ணியும் தம்பியும் நடைகூடத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். குரல் கேட்கவில்லை. கைகள் ஆடின. சிமெண்ட் ஏதோ சொல்ல, பென்சில் மேசையைத் தட்டினார். பிறகு சிமெண்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, திரை தெரிகிற மாதிரி பென்சிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மடிக்கணினியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். யார் தட்டினார்கள் என்பது முதுகுகள் மறைத்ததால் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

நிறுவனம் சொன்னபடி இரண்டானது. ஊஞ்சலும் கட்டி முடிந்தது. அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“கடைசியில யாருக்கு எவ்வளவு?” என்று நான் கேட்டேன்.

“அது வாடிக்கையாளர் விவரம். வெளியில சொல்லக் கூடாது.”

“நான் வெளியா?”

“நீ எழுதற ஆள். உன்னைவிட வெளி எது?”

எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. அதனால் என்னால் நிரப்ப முடியாத இரண்டு கட்டங்களை இங்கே காலியாக விடுகிறேன். நீங்கள் யாரோடாவது எதையாவது பகிர்ந்திருப்பீர்கள், பிரித்தும் இருப்பீர்கள். உங்களுக்குத் தோன்றுகிற எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் அந்த இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பென்சில்: ............

சிமெண்ட்: ............